அஞ்சு பாகத்து வலி

சங்கு குளிக்கிறவர்களுக்கும் வாயில் பல் இருக்கிறது என்பதைச் சர்க்கார் கண்டுபிடித்தது, சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான். அதுவரை அவர்களுக்குக் கை இருக்கிறது, கையில் சங்கு இருக்கிறது என்ற அளவில் தெரிந்திருந்தது. கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? சங்குக்குளி நல வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தி, இராமநாதபுரத்தில் ஒரு மாடிக் கட்டடம் பிடித்து, மின்விசிறி மாட்டி, விசிறிக்கு நேர் கீழே வீரபத்திரன் என்ற தனி அதிகாரியை உட்காரவைத்தார்கள்.

வீரபத்திரன் கீழக்கரைக் கடற்கரையில் பந்தல் போட்டுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினார்.

"அன்பார்ந்த குளியாட்களே! பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சங்கு வெள்ளை, பல்லும் வெள்ளை. சங்கை எடுப்பது உங்கள் கடமை. பல்லை எடுப்பது எங்கள் கடமை! இனி உங்கள் பல்லைப் பற்றி நீங்கள் கவலைப்படக் கூடாது. அந்தக் கவலையை வாரியம் எடுத்துக்கொண்டது. அதற்காக நீங்கள் எடுக்கிற சங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பிடித்தம், அவ்வளவுதான். இலவச வைத்தியம் என்றால் சும்மாவா கிடைக்கும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். பந்தலில் நன்னாரி சர்பத் கொடுத்திருந்தார்கள், அதற்காகவாவது தட்டத்தானே வேண்டும். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் பாக்கர்.

பாக்கர் குளியாள் இல்லை. குளியாளின் கயிற்றைப் பிடிக்கிறவன். அவன் லாத்தா என்று கூப்பிடும் அக்காள் நஸீராவின் புருஷன் ஹாஜா முகைதீன்தான் கடலுக்குள் போகிறவன். அந்தக் கரையில் கயிறு பிடிக்கும் வேலையை வேறு எவனிடமும் கொடுத்துவிட மாட்டார்கள். பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அக்காள் கழுத்துக் கருகமணி அந்தக் கயிற்று நுனியில் தொங்குகிறது என்று தெரிந்தவன் கண் அசருவானா? அண்ணன் தம்பி என்றால் பங்குக்கு வருவான், சிநேகிதன் என்றால் பராக்குப் பார்ப்பான். மச்சினன் ஒருத்தன்தான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஹாஜா முகைதீன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு கல்லின் வளையத்தில் காலைக் கொடுத்துக் கீழே போவான். தரை தட்டியதும் காலை உருவிக்கொள்வான். மடியில் கட்டிய பையில் சங்கைப் பொறுக்கிப் போட்டதும் கயிற்றை ஒரே ஒரு தடவை இழுப்பான். ஒரு தடவைதான். இரண்டாவது தடவை இழுக்க நேர்ந்தால் அது மேலே இருக்கிற மச்சினனுக்கு அவமானம். பாக்கருக்கு அந்த அவமானம் ஒரு நாளும் வந்ததில்லை.

அப்படிப்பட்ட ஹாஜாவுக்குக் கடைவாய்ப் பல்லில் சனி பிடித்தது. சந்தையில் பல் பிடுங்குகிறவனிடம் போனான். அவன் குறடைப் போட்டு இழுத்த இழுப்பில் பல்லின் தலை வந்தது, வேர் வரவில்லை. வேர் ஈறுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. ஆச்சரியம் என்னவென்றால், கரையில் அது பரம சாதுவாக இருந்தது. ஆட்டு எலும்பைக் கடித்தாலும் வலிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். கடலில் மூன்று பாகம் இறங்கினாலும் ஒன்றுமில்லை. நான்காவது பாகத்தில் முணுக்கென்று ஒரு குத்து. ஐந்தாவது பாகத்தில் மண்டைக்குள் உளி வைத்து அடிக்கிற மாதிரி ஒரு வலி. சங்கோ ஐந்து பாகத்துக்குக் கீழேதான் கிடக்கிறது.

பங்குனி நடந்துகொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால் அந்த வருஷத்துக் குளிப்பு முடிந்தது. அதற்குள் வேரை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலம் வரை வீட்டில் உலை வைக்க வழியில்லை. ஈறைக் கிழித்து வேரை எடுக்க மதுரைப் பல் டாக்டர் நாற்பது ரூபாய் கேட்பார் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். நாற்பது ரூபாய்க்கு ஒரு நல்ல கிடாயே வாங்கலாம், அதற்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கும்.

"நமக்குத்தான் வாரியம் இருக்குல்ல மச்சான்! சங்குக்குச் சங்கு பிடிச்சிருக்காகல்ல!" என்றான் பாக்கர். அவன்தான் சொன்னான். அதைப் பிற்பாடு அவன் யாரிடமும் மறைக்கவில்லை.

இருவரும் பஸ் ஏறி இராமநாதபுரம் போனார்கள். வாரியத்தின் பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கம்பியால் தட்டினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"இப்ப?"

"இல்லைங்க."

"பின்னே எதுக்குய்யா வந்தே?"

"அஞ்சு பாகம் ஆழத்துக்குப் போனா வலிக்குதுங்க. உசிரு போற வலி."

பாக்கர் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தான். "வலிக்குதுன்னு சொல்லுங்க மச்சான்" என்று காதோடு சொன்னான்.

"வலிக்காததை எப்படிடா வலிக்குதும்பேன்? இங்கன பொய் சொன்னா, அங்கன கடலுக்குள்ள வலிக்கிறப்ப அல்லா காது கொடுப்பானா?" என்றான் ஹாஜா. அந்தக் கட்டடத்தில் அன்று பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதற்குத்தான் அங்கே மதிப்பில்லாமல் போயிற்று.

விஷயம் வீரபத்திரனிடம் போனது. அவர் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்திப் பேச மாட்டார், லஞ்சம் வாங்க மாட்டார், வந்தவர்களை உட்காரச் சொல்வார். விதியை மட்டும் மீற மாட்டார். கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் ஹாஜா பிழைத்திருப்பான்.

"இதோ பாருங்க முகைதீன். வலிக்கிற பல்லை எடுத்தா அது வைத்தியம், வாரியம் செய்யும். வலிக்காத பல்லை எடுத்தா அது அழகு. அழகுக்குப் பொதுப் பணத்தைச் செலவழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அழகுதான் வேணும்னா வெளியாள் கட்டணம் நாற்பது ரூபாய்."

"அழகுக்கு யாருங்க கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவா?" என்று கேட்டான் பாக்கர்.

"அது அவரவர் விருப்பம்" என்றார் அதிகாரி. "இன்னொண்ணு. பல்லுக் கோளாறுன்னு நீங்களே வந்து சொல்லிட்டீங்க. கோளாறு இருக்கிறவரைக் கடல்ல இறங்க விடுறது ஆபத்து. அனுமதிச் சீட்டை இங்கே வெச்சிட்டுப் போங்க. குணமாயிட்டதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததும் வாங்கிக்கலாம்."

ஆக, வைத்தியம் பார்க்கிற அளவுக்கு வலி இல்லை, வேலை பார்க்கிற அளவுக்குச் சுகமும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது கேள்விப்பட்டது. இங்கே பூசாரி சாமியின் காலடியிலிருந்த பூவையும் பிடுங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் நடையாய் நடந்தார்கள். பஸ்ஸுக்குக் கொடுத்ததில் பாதிப் பல்லை மதுரையிலேயே பிடுங்கியிருக்கலாம். பாக்கர் விடாமல் கெஞ்சியதில் அதிகாரிக்கு மனம் இளகியது. தண்ணீருக்குள்தானே வலி என்கிறான், தண்ணீரிலேயே பார்த்துவிடுவோம் என்றார். வாரியத்தின் பியூன் தவசி ஓர் அண்டாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ஹாஜா அதற்குள் தலையை அமிழ்த்தினான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

ஹாஜா சொட்டச் சொட்ட நிமிர்ந்தான். "இது ஒரு முழந்தானுங்களே."

"தண்ணீர் தண்ணீர்தானே?" என்றார் அதிகாரி. ஆனாலும் நியாயஸ்தர். ஆழம் வேண்டும் என்கிறானே என்று ஊருணிக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். பங்குனி மாதத்து இராமநாதபுரம் ஊருணியில் எருமை முதுகு நனையவே தண்ணீர் இல்லை. கடைசியில், கடலிலேயே நேரில் பரிசோதிப்பது என்று முடிவானது. ஒரு குளியாளின் ஒற்றை வேருக்காக ஓர் அலுவலகமே கடலுக்குப் போகிறது என்பதில் வீரபத்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அதுக்கு ஆகிற செலவுல நாலு பேருக்குப் பல்லைப் பிடுங்கலாமேய்யா" என்று தவசி வாய்க்குள் முனகினான். அவன் கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரன். கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தான்.

குறித்த நாளில் காலையில் ஒரு வள்ளத்தில் ஏறினார்கள். அதிகாரி, டாக்டர், தவசி, ஒரு குடை, அடுக்குச் சட்டியில் எலுமிச்சைச் சாதம், வாந்திக்கு நார்த்தங்காய். பாக்கரும் ஹாஜாவும் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். துடுப்புப் போட இரண்டு பேர். சங்குத் திடலுக்கு மேலே வந்து நிறுத்தியதும் பாக்கர் வழக்கம்போலக் கயிற்றை எடுத்துச் சுருள் பிரித்தான்.

"நீ யாரு?" என்று கேட்டார் அதிகாரி, இத்தனை நாளாய்ப் பார்த்தும்.

"மச்சினனுங்க. நான்தான் கயிறு பிடிப்பேன்."

"உறவா?" அதிகாரி தலையை ஆட்டினார். "அப்ப நீ பிடிக்கக் கூடாது. இது பரிசோதனை. கயிறுதான் சாட்சி. சாட்சியை உறவுக்காரன் கையில கொடுத்தா, வலிக்காமலே வலிச்சுதுன்னு இழுத்துடுவே. பாரபட்சம் இல்லாத கை வேணும். தவசி, நீ பிடி."

தவசி பதறினான். "அய்யா, எனக்குக் கிணத்துல வாளி இழுக்கத்தான் தெரியும்."

"அதனாலதான் சொல்றேன். உனக்கு இவன் செத்தாலும் பிழைச்சாலும் ஒண்ணுதான். உன் கைதான் நடுநிலை."

பாக்கர் கயிற்றை விடாமல் நின்றான். அதிகாரி பொறுமையாகவே மற்றதையும் விளக்கினார். ஒரு இழுப்பு தற்செயலாக இருக்கலாம், மீன் மோதியிருக்கலாம். இரண்டு இழுத்தால் சந்தேகம். மூன்று இழுத்தால்தான் வலி. மூன்று வந்த பிறகுதான் மேலே தூக்க வேண்டும். இன்னொன்று, கல்லின் வளையத்தில் கால் கொடுக்கக் கூடாது, கல்லை இடுப்போடு கட்ட வேண்டும். நினைத்தபோது காலை உருவிக்கொண்டு மேலே வந்துவிட்டால், வலியால் வந்தானா, வர வேண்டுமென்று வந்தானா என்று எப்படித் தெரியும்?

"மச்சான், வேணாம். திரும்பிப் போயிருவோம். லாத்தாக்கிட்ட நான் சொல்லிக்கிறேன். கடனோ உடனோ வாங்கி மதுரைக்கே போவோம்" என்றான் பாக்கர்.

ஹாஜா கடலைப் பார்த்தான். தென்மேற்கே தண்ணீர் லேசாகச் சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது. கச்சானுக்கு இன்னும் அதிக நாள் இல்லை. "ஒரு முங்குதானடா பாக்கரு. இவுக பார்த்துட்டா இன்னைக்கே வேரை எடுத்துருவாக, சீட்டும் வந்துரும். நாளைக்கு நீ பிடி" என்று சிரித்தான். பாக்கரின் கையிலிருந்து கயிற்றை அவனே வாங்கித் தவசியிடம் கொடுத்தான். கல்லை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, இறங்கினான்.

கயிறு ஓடியது. ஓடி நின்றது.

பாக்கர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஒரு தடவை துடித்தது.

"அய்யா, ஆட்டுச்சு" என்றான் தவசி.

"ஒண்ணு. குறிச்சுக்கங்க டாக்டர்."

டாக்டர் குறித்துக்கொண்டார். எல்லோரும் இரண்டாவதற்குக் காத்திருந்தார்கள்.

"இழுங்கண்ணே!" என்று கத்தினான் பாக்கர். "அவரு ஒரு தடவைதான் இழுப்பாரு! எப்பவும் ஒரு தடவைதான்!"

"நீ பேசக் கூடாது. நீ உறவு" என்றார் அதிகாரி. "மூணுன்னு அவர்கிட்டேயே சொல்லித்தானே அனுப்பினோம்? கேட்டுத் தலையாட்டினாரே?"

தலையாட்டினான்தான். ஆனால் மண்டைக்குள் உளி இறங்கும்போது மனுஷனுக்கு உத்தரவா ஞாபகம் வரும்? பழக்கம்தான் வரும். ஒரு தடவை இழுத்தால் போதும், மேலே மச்சினன் இருக்கிறான் என்கிற பழக்கம். அந்த நம்பிக்கையோடு அவன் கீழே காத்திருந்தான். மேலே அவர்கள் காத்திருந்தார்கள்.

தவசி அதிகாரியையும் பார்த்தான், பாக்கரையும் பார்த்தான். இழுக்கலாமா என்று கேட்க வாயெடுத்தான். அதிகாரி ஒற்றை விரலைத் தூக்கி நிறுத்தினார். பாக்கர் குடையையும் சட்டியையும் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். டாக்டர் தடுமாறி அவன்மேலேயே விழுந்தார். அவரை உதறி எழுந்து, இடுப்புக் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீரில் குதித்தான். கல்லை அறுத்து மச்சானை மேலே கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாய் மட்டும் இறுகக் கடித்தபடி இருந்தது.

"இரண்டாவது இழுப்பு வரவே இல்லையே!" என்றார் வீரபத்திரன். உண்மையாகவே அவருக்கு அது புரியவில்லை.

பிரேதப் பரிசோதனை நடந்தது. வாரியத்தின் பல் டாக்டரும் கூட நின்றார். ஹாஜாவின் உடலை, அந்த மையத்தை, வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது பாக்கர் தாடையைக் கட்டப் போனான். ஈறு கிழிந்திருந்தது. வேர் இல்லை.

ஜனாஸா ஊர்வலத்தோடு வந்த கூட்டத்துக்கு வெளியே, தெரு முனையில் நின்று அதிகாரி நாலு வார்த்தை பேசினார். "அன்னாரின் வலி உண்மையானதே என்று வாரியம் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறது. வேர் முற்றிலும் அழுகியிருந்தது. அது வெற்றிகரமாக அகற்றப்பட்டுவிட்டது. இத்திட்டத்தின் முதல் பயனாளி என்று அவர் பெயர் என்றும் நிலைக்கும்." இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. சர்பத்தும் கொடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்து, வேர் வாரியத்தில் இருப்பதைப் பாக்கர் அக்காளிடம் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவளிடம் அவன் எதையும் மறைத்துப் பழகவில்லை. புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா காலத்து வெள்ளைத் துணியில் சுருண்டு கிடந்த நஸீரா எழுந்து உட்கார்ந்தாள்.

"அதுவும் அவுக உடம்புதானே தம்பி? மண்ணுக்குப் போக வேண்டியதுதானே? அவ்வளவு நோவு கொடுத்தது, தனியா எவன் மேசையிலயோ கெடக்கவா? நான் இத்தாவுல இருக்கேன், வாசல் தாண்ட முடியாது. நீ போய் வாங்கிட்டு வா."

வேர் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில், அரக்கு முத்திரையோடு, வீரபத்திரனின் மேசைமேல் இருந்தது. வாரியம் சாதித்த ஒரே சாதனை அது. அதனால் பார்வைக்கு வைத்திருந்தார்.

"தர்றதுல ஆட்சேபணை இல்லை" என்றார். "கட்டணத்தைக் கட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போகலாம். நாற்பது ரூபாய்."

"இலவசம்னு சொன்னீகளே."

"பணியில் இருக்கிற குளியாளுக்கு இலவசம். அவர் பணியிலிருந்து விலகினது கடல்ல. வேர் எடுத்தது அதுக்கப்புறம். அப்ப அவர் வெளியாள். வெளியாளுக்கு முழுக் கட்டணம். விதியை நான் எழுதலை தம்பி."

"அவரு இத்தனை நாளாச் சங்குக்குச் சங்கு கட்டுனது?"

"அது பல் உள்ளவங்களுக்கான நிதி. திருப்பித் தர வழியில்லை."

ஓரமாக நின்றிருந்த தவசி முன்னால் வந்தான். கடலுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று முகம் சொன்னது. "அய்யா, அந்தப் பணத்தை என் சம்பளத்துல பிடிச்சுக்கங்க. மாசாமாசம் பிடிச்சுக்கங்க" என்றான்.

"அது எப்படி முடியும்? நீ அவருக்கு உறவா?" என்று கேட்டார் அதிகாரி. "பில்லை உறவுக்காரங்கதான் கட்டணும்."

பாக்கர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு பிடிக்க உறவு ஆகாது, காசு கொடுக்க உறவுதான் ஆகும். இவ்வளவு எளிய சங்கதி தன் மண்டையில் இத்தனை நாள் ஏறவில்லையே என்று நினைத்தான். ஊருக்குப் போனான். நஸீரா கழற்றி வைத்திருந்த காது நகையான அலுக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். விற்று வந்து கட்டினான். மதுரைக்கே போயிருந்தாலும் அதே நாற்பதுதான்.

புட்டியைக் கொடுக்கும் முன் டாக்டர் பேனாவைத் திறந்தார். சிகிச்சை முடிந்தவரிடம் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. நோயாளி இல்லாவிட்டால் வந்தவரிடம் கேட்கலாம் என்று விதி இருந்தது.

"இப்ப வலி ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க" என்றான் பாக்கர்.

டாக்டர் நிமிர்ந்தார். அதிகாரியும் திரும்பிப் பார்த்தார். "எங்கே?"

பாக்கர் வலது கையை விரித்துக் காட்டினான். அவ்வளவு வருஷம் கயிறு ஓடிக் காய்த்துப்போன கை. அந்த ஒரு நாள் மட்டும் சும்மா இருந்த கை. "இங்கனதாங்க. ராத்திரி பகலா வலிக்குது."

வீரபத்திரன் சற்று யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னோம். குரலில் நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்: "கைவலி பல் திட்டத்துல வராதே, தம்பி."

பாக்கர் முத்திரையை உடைத்துப் புட்டியை மேசைமேலேயே வைத்துவிட்டு, வேரை மட்டும் அந்தக் கையில் எடுத்து மூடிக்கொண்டான். பஸ்ஸிலும் கையைத் திறக்கவில்லை. டிக்கெட்டுக்குக் காசை இடது கையால் எடுத்துக் கொடுத்தான். மச்சானை அடக்கிய மையவாடிக்கு நேரே போய், கபுரின் தலைமாட்டில் மண்ணைத் தோண்டி வைத்து மூடி, பாத்திஹா ஓதினான். கச்சான் கிளம்பிவிட்டிருந்தது. மணல் பறந்து பறந்து கண்ணில் விழுந்தது.

வீட்டு வாசலில் செருப்பை விடுவதற்குள் நஸீரா உள்ளேயிருந்து கேட்டாள்.

"வெச்சிட்டியா தம்பி?"

"வெச்சிட்டேன் லாத்தா."

"ஆழமா வெச்சியா? நாய் கீய் தோண்டிறப் போகுது."

பாக்கர் வலது கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். "மேலே பெரிய கல்லா ஒண்ணு வெச்சிருக்கேன்" என்றான். "ஒரு முழந்தான் தோண்டினேன் லாத்தா. ஆழத்துல அவருக்கு வலிக்கும்."